அமெரிக்கப் பள்ளி ஆசிரியர்கள் மீண்டும் கல்லூரிக்குப் போகப் பண உதவி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கப் பள்ளிகளில் வேலை பார்க்கும் நம் ஆசிரியர்களும் உதவி ஆசிரியர்களும், வார இறுதியில் தமிழ்ப் பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டே முறையான ஆசிரியர் உரிமம் வாங்க நினைப்பவர்களும் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

எல்லாருக்கும் நான் சொல்வது ஒரு வரிசை. முதலில் வேலை பார்க்கும் இடத்துப் பணம். அடுத்தது திருப்பித் தர வேண்டாத பணம். அதன் பிறகு வரியில் மிச்சமாகும் பணம். கடன் கடைசியில்தான். இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்தவர்கள், டிஸ்ட்ரிக்ட் (பள்ளியை நடத்தும் உள்ளூர்ப் பள்ளி நிர்வாகம்) கொடுத்திருக்கக்கூடிய தொகைக்கு இன்றும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு 42 வயசாச்சு. இந்த வயசுல போய்க் கேட்டா பண உதவி தருவாங்களா அக்கா?

தருவார்கள். அமெரிக்க மத்திய அரசின் மாணவர் உதவிக்கு வயது வரம்பே கிடையாது. 24 வயதைத் தாண்டியவர், திருமணமானவர், மாஸ்டர்ஸ் படிப்பவர் ஆகிய மூவரில் யாராக இருந்தாலும் அரசின் கணக்கில் நீங்கள் தனித்து நிற்கும் மாணவர். பெற்றோரின் வருமானத்தைக் கேட்கமாட்டார்கள். உங்கள் வருமானமும் துணைவரின் வருமானமும்தான் கணக்கில் வரும்.

ஃபாஃப்சா ஃபாஃப்சான்னு சொல்றாங்களே, அது என்ன? அதை நிரப்பக் காசு கட்டணுமா?

மத்திய அரசின் உதவி எதைக் கேட்பதென்றாலும் ஃபாஃப்சா விண்ணப்பத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். பல மாநிலங்களும் கல்லூரிகளும் தங்கள் பணத்தைப் பிரிப்பதற்குக்கூட இதையே பார்க்கின்றன. கல்வித்துறையின் ஸ்டூடண்ட்எய்ட் டாட் கவ் தளத்தில் இலவசமாக நிரப்பலாம். நிரப்பித் தருகிறேன் என்று யாராவது கட்டணம் கேட்டால் அங்கிருந்து விலகிவிடுங்கள்.

வழக்கமாக அக்டோபர் 1ஆம் தேதி அடுத்த கல்வியாண்டுக்கான படிவம் திறக்கும். இரண்டு ஆண்டுக்கு முந்தைய வரிக்கணக்கை வைத்துத்தான் பார்ப்பார்கள். 2026-27க்கு 2024ஆம் ஆண்டு வருமானம். மத்திய அரசின் கடைசி நாள் வெகு தூரத்தில் இருக்கும். அதை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். மாநிலமும் கல்லூரியும் வைக்கும் கடைசி நாள் அதற்கு மாதக்கணக்கில் முன்பே வந்துவிடும், அங்கே பணம் தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

வீட்டுக்காரர் ஐ.டி.யில இருக்கார். அவர் சம்பளத்தைப் பாத்தா எனக்கு ஒண்ணும் தரமாட்டாங்க. அப்புறம் எதுக்கு நிரப்பணும்?

நம் வீடுகளில் அதிகம் கேட்கும் கேள்வி இது. இப்படி நினைத்தே நிரப்பாமல் விட்டவர்கள் நிறையப் பேர். வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவி சில உண்டு, உண்மைதான். ஆனால் ஆசிரியர்களுக்கு முக்கியமான டீச் கிராண்டுக்கும் (மத்திய அரசின் உதவித்தொகை, விவரம் கீழே) மாஸ்டர்ஸ் மாணவர்களுக்கான அரசுக் கடனுக்கும் குடும்ப வருமானம் தடையே இல்லை. இரண்டுக்குமே ஃபாஃப்சா வேண்டும். கணவர் எவ்வளவு சம்பாதித்தாலும் நிரப்பிவிடுங்கள்.

கிரீன் கார்டு இன்னும் வரல, எச்-4லதான் இருக்கேன். எனக்கு வழியே இல்லையா?

மத்திய அரசின் உதவி கிடைக்காது. குடியுரிமை உள்ளவர்கள், கிரீன் கார்டு உள்ளவர்கள், அகதி நிலை பெற்றவர்கள் போன்ற சிலருக்கு மட்டும்தான் அது. எச்-1பி (வேலை விசா), எச்-4 (எச்-1பி வைத்திருப்பவரின் குடும்பத்தினருக்கான விசா), ஜே-1 (பரிமாற்றத் திட்ட விசா), எஃப்-1 (மாணவர் விசா) ஆகியவற்றில் இருப்பவர்கள் அதில் வரமாட்டார்கள். எச்-4இல் வேலை செய்யும் அனுமதி இருந்தாலும் இதில் மாற்றமில்லை.

மற்ற கதவுகள் திறந்தே இருக்கின்றன. எச்-4இல் முழுநேரமாகவே படிக்கலாம். எச்-1பியில் இருப்பவர் வேலையை விடாமல் பகுதிநேரமாகப் படிக்கலாம். வேலை பார்க்கும் டிஸ்ட்ரிக்ட் தரும் பணத்தை அந்தந்த ஒப்பந்தம்தான் தீர்மானிக்கும், மத்திய அரசின் இந்த விசா விதி அதற்கு இல்லை. உள்ளூர்வாசிகளுக்கான குறைந்த கட்டணத்தை இந்த விசாக்காரர்களுக்கும் தரும் மாநிலங்கள் உண்டு, கல்லூரிப் பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள். வரிக்கணக்கில் நீங்கள் அமெரிக்கவாசியாகக் கருதப்பட்டால், கீழே சொல்லப்போகும் வரிச்சலுகைக்கும் வழி இருக்கலாம். ஜே-1இல் வந்த ஆசிரியர்கள் பொதுவாக முதல் இரண்டு ஆண்டுகள் வரிக்கணக்கில் அயல்வாசிதான்.

எங்க டிஸ்ட்ரிக்ட்டே படிப்புச் செலவு தரும்னு யாரோ சொன்னாங்க. யார்கிட்ட கேக்கணும்?

முதலில் யாரிடமும் கேட்க வேண்டாம். உங்கள் யூனியனுக்கும் டிஸ்ட்ரிக்ட்டுக்கும் இடையிலான ஒப்பந்தத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் டிஸ்ட்ரிக்ட் இணையதளத்திலேயே இருக்கும். அதில் ‘டியூஷன் ரீஇம்பர்ஸ்மெண்ட்’ என்ற பகுதியைத் தேடுங்கள். யூனியன் இல்லாத இடங்களில் ஊழியர் கையேட்டில் இருக்கும். ஆண்டுக்கு எத்தனை கிரெடிட்டுக்கு (கோர்ஸை அளக்கும் பாட அலகு) தருவார்கள், ஒரு கிரெடிட்டுக்கு எவ்வளவு, எந்த கிரேடு வாங்க வேண்டும் என்பதெல்லாம் அங்கேயே எழுதியிருக்கும். மொத்தமாக ஒரு தொகையை ஒதுக்கி, முதலில் விண்ணப்பித்தவர்களுக்கு முதலில் என்று கொடுக்கும் டிஸ்ட்ரிக்ட்டுகளும் உண்டு.

பலர் கோட்டைவிடுவது முன்அனுமதியில். கோர்ஸ் தொடங்குவதற்கு முன்பே படிவம் போக வேண்டும் என்பதுதான் வழக்கமான விதி. அந்த ஒற்றைப் பக்கப் படிவத்தில் கோர்ஸ் எண், கல்லூரிப் பெயர், கிரெடிட், கட்டணம், நீங்கள் எடுக்கும் பாடத்துக்கு இது எப்படி உதவும் என்று இரண்டு வரி, கீழே பிரின்சிபால் கையெழுத்து, அதற்குக் கீழே டிஸ்ட்ரிக்ட்டின் தலைமை அதிகாரியான சூப்பரின்டெண்டெண்ட் அலுவலகக் கையெழுத்து. இரண்டாவது கையெழுத்து வந்த பிரதியை வாங்கிப் பத்திரப்படுத்தாமல் கல்லூரிக்குப் பணம் கட்டாதீர்கள். கோர்ஸ் முடிந்ததும் பணம் கட்டிய ரசீதும் அதிகாரபூர்வ மதிப்பெண் பட்டியலும் குறித்த தேதிக்குள் போய்ச் சேர வேண்டும்.

அதே ஒப்பந்தத்தில் சம்பள அட்டவணையையும் பாருங்கள். மேலிருந்து கீழே வருவது ‘ஸ்டெப்’, உங்கள் பணி ஆண்டுகள். இடமிருந்து வலமாகப் போவது ‘லேன்’, உங்கள் படிப்பு. பி.ஏ. கட்டத்துக்கும் மாஸ்டர்ஸ் கட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒவ்வோர் ஆண்டும் உங்கள் சம்பளத்தில் ஏறும் தொகை. படிப்பின் மொத்தச் செலவை அந்தத் தொகையால் வகுத்துப் பார்த்தால் போட்ட காசு எத்தனை ஆண்டில் திரும்பும் என்று தெரிந்துவிடும். இன்னொரு வரியையும் தேடுங்கள்: படித்து முடித்து இத்தனை ஆண்டுகளுக்குள் வேலையை விட்டால் கொடுத்த பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று சில ஒப்பந்தங்களில் இருக்கும்.

அப்படிக் கிடைச்ச பணத்துக்கு வரி உண்டா?

முறையாக எழுதி வைத்த திட்டத்தின் கீழ் வேலை தருபவர் கொடுக்கும் படிப்புச் செலவில் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை மத்திய வருமான வரி இல்லை. வருமான வரிச் சட்டத்தின் 127ஆம் பிரிவு அது. அதற்கு மேல் போனாலும், இப்போதைய வேலையில் திறமையைக் கூட்டும் படிப்பாக இருந்து, உங்களைப் புதிய தொழிலுக்குத் தகுதியாக்கும் படிப்பாக இல்லாமல் இருந்தால், மிச்சத்துக்கும் வரி விலக்குக் கேட்க இடமிருக்கிறது. அந்தக் கட்டத்தில் வரிக் கணக்காளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

திருப்பித் தர வேண்டாத பணம்னா பெல் கிராண்ட்தானே? எனக்கு இந்தியாவுல வாங்கின பி.எஸ்சி. இருக்கு.

பெல் கிராண்ட் இளங்கலைப் பட்டம் இல்லாதவர்களுக்கு, அதுவும் வருமானம் குறைந்தவர்களுக்கு. வெளிநாட்டில் வாங்கிய பட்டமும் பட்டமாகவே கருதப்படும். இதற்கு ஒரு சின்ன விதிவிலக்கு உண்டு: மாஸ்டர்ஸ் பட்டம் தராத, ஆசிரியர் உரிமத்துக்கு மட்டுமான சில படிப்புகளில் பட்டதாரிகளுக்கும் பெல் கிடைக்கலாம். எல்லாக் கல்லூரியிலும் அப்படிப்பட்ட படிப்பு இல்லை.

நம்முடைய மூன்றாண்டு பி.ஏ., பி.எஸ்சி.யை இங்கே நான்காண்டுப் பட்டத்துக்குச் சமமாக ஏற்பார்களா என்பது தனிக் கேள்வி. வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் நிறுவனங்களின் சங்கமான நேசஸ் அமைப்பின் உறுப்பு நிறுவனம் ஒன்றில் பட்டத்தை மதிப்பிட்டு வாங்குங்கள். எந்த உதவி உங்களுக்குப் பொருந்தும் என்பதும், எந்தக் கல்லூரி சேர்த்துக்கொள்ளும் என்பதும் பெரும்பாலும் அந்த அறிக்கையைப் பொறுத்ததுதான்.

டீச் கிராண்ட்னு வருஷத்துக்கு 4,000 டாலர் சும்மாவே தர்றாங்களாமே?

தருகிறார்கள், சும்மா இல்லை. இதைப் பொறுமையாகப் படியுங்கள். சட்டப்படி ஆண்டுக்கு 4,000 டாலர் வரை. மத்திய பட்ஜெட்டின் தானியங்கி வெட்டு போகக் கைக்கு வருவது கொஞ்சம் குறையும். பகுதிநேரமாகப் படித்தால் அந்த அளவுக்குக் குறையும். மாஸ்டர்ஸுக்கு மொத்த உச்சவரம்பு 8,000 டாலர். பதிலுக்கு நீங்கள் எழுதிக் கொடுப்பது இது: படிப்பு முடிந்து 8 ஆண்டுகளுக்குள், வருமானம் குறைந்த பிள்ளைகள் படிக்கும் பள்ளியில், ஆள் தட்டுப்பாடுள்ள பாடத்தில், முழுநேர ஆசிரியராக 4 ஆண்டுகள் வேலை செய்வேன். கணிதம், அறிவியல், சிறப்புக் கல்வி, அயல்மொழி, இருமொழிக் கல்வி, வாசிப்பு நிபுணர் ஆகியவை அந்தப் பாடங்கள். மாநிலங்கள் தட்டுப்பாடு என்று அறிவிக்கும் வேறு பாடங்களும் சேரும்.

சொன்னபடி செய்யாவிட்டால் வாங்கிய மொத்தமும் கடனாக மாறிவிடும். வட்டி, மாறிய நாளிலிருந்து ஆரம்பிக்காது. பணம் உங்களுக்கு வந்த நாளிலிருந்தே சேர்த்துப் போடுவார்கள். ஆண்டுச் சான்றிதழ் நேரத்துக்குப் போகவில்லை என்ற காரணத்துக்காகவே, உண்மையில் அந்தப் பள்ளிகளில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஏராளமான ஆசிரியர்களின் கிராண்ட் முன்பு கடனாக மாறியது. நாடு முழுக்கக் குரல் எழும்பிய பிறகு கல்வித்துறை அவற்றை மறுபரிசீலனை செய்தது, 2021இல் விதியையும் தளர்த்தியது. காகிதம் தாமதமானதற்கு ஓர் ஆசிரியரைக் கடனாளியாக்கியது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விதி தளர்ந்துவிட்டது என்றாலும் ஒவ்வோர் ஆண்டும் சான்றிதழை அனுப்பி, அனுப்பியதன் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

என் கருத்து இதுதான்: ஏற்கெனவே அந்த மாதிரிப் பள்ளியில் அந்த மாதிரிப் பாடம் எடுக்கிறீர்கள், அங்கேயே இருக்கப் போகிறீர்கள் என்றால் தயங்காமல் வாங்குங்கள். கணவருக்கு எந்த ஊரில் வேலை மாறும் என்று தெரியாத வீடு என்றால், இதைக் கடன் என்றே நினைத்துக்கொண்டு முடிவெடுங்கள். பள்ளி தகுதியானதா என்று கல்வித்துறை வெளியிடும் குறைந்த வருமானப் பள்ளிகளின் பட்டியலில் ஆண்டுவாரியாகப் பார்க்கலாம். நீங்கள் சேரும் ஆண்டில் பள்ளி பட்டியலில் இருந்து, அடுத்த ஆண்டு விழுந்துவிட்டாலும், அங்கேயே தொடரும் ஆண்டுகள் கணக்கில் சேரும்.

நான் ஆறு வருஷமா அந்த மாதிரி ஸ்கூல்லதான் இருக்கேன். அதைக் கழிச்சுக்குவாங்களா?

மாட்டார்கள். டீச் கிராண்டைப் பொறுத்தவரை படிப்பு முடிந்த பிறகு செய்யும் ஆண்டுகள்தான் கணக்கு.

நான் வகுப்புல உதவி ஆசிரியரா இருக்கேன். டீச்சர் ஆகணும். எனக்குன்னு தனியா ஏதாவது இருக்கா?

மாநிலத்தைப் பொறுத்து நல்ல உதவிகள் இருக்கின்றன. டெக்சாஸில் ‘எஜுகேஷனல் எய்ட் எக்ஸெம்ப்ஷன்’ என்ற திட்டத்தில், தகுதியுள்ள உதவி ஆசிரியர்கள் அரசுக் கல்லூரிகளில் ஆசிரியர் உரிமத்துக்குப் படிக்கும்போது கட்டண விலக்குப் பெறலாம். மாசசூசெட்ஸில் உதவி ஆசிரியர்களுக்கென்றே கிராண்ட் உண்டு. பள்ளியில் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே உரிமம் பெறும் பயிற்சித் திட்டத்துக்கு 2022இல் மத்திய தொழிலாளர் துறையின் அனுமதியை முதலில் பெற்ற மாநிலம் டென்னசி. பிறகு வேறு மாநிலங்களும் சேர்ந்தன. உங்கள் மாநிலக் கல்வித்துறை தளத்தில் ‘குரோ யுவர் ஓன்’ என்று தேடினால் இவ்வகைத் திட்டங்கள் கண்ணில் படும்.

பெரிய ஸ்காலர்ஷிப் ஏதாவது?

அமெரிக்க வரலாறோ அரசியலமைப்போ எடுக்கும் 7 முதல் 12ஆம் வகுப்பு ஆசிரியர்களுக்கு ஜேம்ஸ் மேடிசன் ஃபெலோஷிப், மாஸ்டர்ஸுக்கு 24,000 டாலர் வரை தருகிறது. அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர்களுக்குத்தான். கணிதம், அறிவியல் ஆசிரியர்களுக்கு ராபர்ட் நாய்ஸ் திட்டம். தேசிய அறிவியல் அறக்கட்டளை அந்தப் பணத்தைப் பல்கலைக்கழகங்களுக்குக் கொடுக்கிறது, நீங்கள் அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டிலுமே பின்னால் ஆசிரியராகப் பணிபுரியும் கடமை உண்டு, டீச் கிராண்டில் சொன்ன எச்சரிக்கை இங்கும் பொருந்தும்.

இந்தியாவுல ஆன்லைன்ல எம்.எட். படிச்சா செலவு கம்மி. அது போதாதா?

அறிவுக்குப் போதும். லேன் ஏறுமா என்பது டிஸ்ட்ரிக்ட் கையில். பெரும்பாலான ஒப்பந்தங்கள் இங்கே அங்கீகாரம் பெற்ற கல்லூரியின் கிரெடிட்டைத்தான் கேட்கும். எழுத்தில் முன்அனுமதி வாங்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். மத்திய உதவியும் அதற்குக் கிடைக்காது.

குறைந்த செலவுதான் நோக்கம் என்றால் இங்கேயே வழி தேடுங்கள். வெஸ்டர்ன் கவர்னர்ஸ் பல்கலைக்கழகம் போல ஆறு மாதத்துக்கு ஒரே கட்டணம் வாங்கி, அதற்குள் முடிந்த அளவு படித்துக்கொள்ள விடும் இடங்கள் உண்டு. கோடை விடுமுறையில் வேகமாகப் படிக்கக்கூடியவர்களுக்கு நிறைய மிச்சமாகும்.

பிள்ளைங்களை வச்சுக்கிட்டு ஒரு செமஸ்டருக்கு ஒரு கோர்ஸ்தான் முடியும். அதுக்கும் உதவி உண்டா?

அரசுக் கடனுக்குக் குறைந்தது பாதிநேர மாணவராக இருக்க வேண்டும். அது எத்தனை கிரெடிட் என்பதைக் கல்லூரி முடிவு செய்யும். ஒரே ஒரு கோர்ஸ் பல இடங்களில் அதற்கு எட்டாது. அது நல்லதுக்கே என்று நினைக்கிறேன். ஒரு கோர்ஸின் செலவைப் பெரும்பாலும் டிஸ்ட்ரிக்ட் பணத்திலும் வரிச்சலுகையிலும் சமாளித்துவிடலாம்.

‘லைஃப்டைம் லேர்னிங் கிரெடிட்’ என்பது அந்த வரிச்சலுகை. பாதிநேரம், முழுநேரம் என்ற நிபந்தனை இல்லை, இத்தனை ஆண்டுதான் என்ற வரம்பும் இல்லை. முதல் 10,000 டாலர் கட்டணத்தில் 20 சதவீதம், அதாவது குடும்பத்துக்கு ஆண்டுக்கு 2,000 டாலர் வரை வரியில் குறையும். ஆனால் டிஸ்ட்ரிக்ட் வரியில்லாமல் கொடுத்த பணத்துக்கு இதைக் கேட்கக் கூடாது. கட்டணம் 9,000, டிஸ்ட்ரிக்ட் கொடுத்தது 5,250 என்றால் மிச்சம் 3,750. அதில் 20 சதவீதம் 750 டாலர். கல்லூரி அனுப்பும் 1098-டி தாளை வைத்துக்கொண்டு 8863 படிவத்தை நிரப்ப வேண்டும்.

இங்கேதான் ஐ.டி. சம்பளம் உண்மையிலேயே குறுக்கே வரும். கணவன் மனைவி சேர்ந்து வரி தாக்கல் செய்தால் 1,60,000 டாலர் வருமானத்திலிருந்து சலுகை குறையத் தொடங்கி 1,80,000இல் இல்லாமலே போய்விடும். தனியாளுக்கு 80,000இலிருந்து 90,000. தம்பதி தனித்தனியாகத் தாக்கல் செய்து தப்பிக்கவும் முடியாது. அப்படிச் செய்தால் இந்தச் சலுகையே கிடையாது.

எல்லாம் போக மிச்சத்துக்குக் கடன் வாங்கித்தான் ஆகணும். எதை வாங்கறது?

மத்திய அரசின் நேரடிக் கடனை முதலில் பாருங்கள். மாஸ்டர்ஸ் மாணவருக்கு ஆண்டுக்கு 20,500 டாலர் வரை. 2026 ஜூலை 1 முதல் விதிகள் மாறியிருக்கின்றன: புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு ‘கிராட் பிளஸ்’ என்ற கூடுதல் அரசுக் கடன் இல்லை, முழுநேரத்துக்குக் குறைவாகப் படித்தால் கடன் வரம்பும் அந்த விகிதத்தில் குறையும், திருப்பிக் கட்டும் திட்டங்களும் வேறு. பழைய பதிவுகளைப் படித்துவிட்டுக் கணக்குப் போடாதீர்கள். தனியார் வங்கிக் கடனில் கீழே சொல்லும் எந்தத் தள்ளுபடியும் கிடையாது.

பழைய கடனை பி.எஸ்.எல்.எஃப்.ல கட்டிட்டு வரேன், 70 மாசம் ஆச்சு. திரும்பப் படிக்கப் போனா அது நின்னுடுமா?

கவனமாக இல்லாவிட்டால் நின்றுவிடும், உங்களுக்குத் தெரியாமலேயே. பி.எஸ்.எல்.எஃப். என்பது 2007இல் வந்த பொதுச்சேவைக் கடன் தள்ளுபடி. அரசுப் பள்ளியிலோ 501(சி)(3) தகுதியுள்ள லாபநோக்கற்ற பள்ளியிலோ முழுநேரம் வேலை பார்த்துக்கொண்டு 120 மாதத் தவணை கட்டினால் மிச்சக் கடன் தள்ளுபடி. அந்த 120 தொடர்ந்து வர வேண்டியதில்லை.

பாதிநேரமோ அதற்கு மேலோ கல்லூரியில் சேர்ந்ததும், கல்லூரி அனுப்பும் தகவலை வைத்து உங்கள் பழைய கடனுக்குத் தானாகவே தவணை விலக்கு போட்டுவிடுவார்கள். தவணை கேட்டு வராது, நமக்கும் நிம்மதியாக இருக்கும். ஆனால் அந்த மாதங்கள் 120இல் சேராது. இரண்டு ஆண்டுப் படிப்பு என்றால் 24 மாதம் போயிற்று. சேர்ந்த உடனேயே லோன் சர்வீசரை (அரசுக்காகத் தவணை வசூலிக்கும் நிறுவனம்) அழைத்து, ‘மாணவர் தவணை விலக்கு எனக்கு வேண்டாம், தொடர்ந்து கட்டுகிறேன்’ என்று சொல்லுங்கள். தளத்தின் வழியாக எழுத்திலும் அனுப்புங்கள். ஒவ்வொரு செமஸ்டர் தொடங்கும்போதும் கணக்கைத் திறந்து பாருங்கள், விலக்கு மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

புதிதாக வாங்கும் கடனுக்கு எண்ணிக்கை பூஜ்ஜியத்திலிருந்துதான். பழையதையும் புதியதையும் ஒன்றாகச் சேர்த்தால் உங்கள் 70 மாதம் சராசரியில் கரைந்து குறையும். பழையது முடியும்வரை தனித்தனியாகவே இருக்கட்டும்.

டீச்சர் லோன் ஃபர்கிவ்னஸ் அஞ்சே வருஷம்தான். முதல்ல அதை வாங்கிட்டு அப்புறம் பி.எஸ்.எல்.எஃப். வாங்கினா என்ன?

வாங்கலாம். ஆனால் ஒரே ஐந்து ஆண்டை இரண்டுக்கும் காட்ட முடியாது. ஆசிரியர் கடன் தள்ளுபடிக்கு, குறைந்த வருமானப் பள்ளியில் தொடர்ந்து 5 முழுக் கல்வியாண்டுகள் வேண்டும். உயர்நிலைக் கணிதம், அறிவியல், அல்லது சிறப்புக் கல்வி ஆசிரியருக்கு 17,500 டாலர் வரை. மற்றவர்களுக்கு 5,000 வரை. அதை வாங்கினால் பி.எஸ்.எல்.எஃப். கணக்கு அந்த 5 ஆண்டுகளை விட்டுவிடும், ஆக மொத்தம் 15 ஆண்டு.

கடன் 60,000 இருக்கும் தொடக்கப் பள்ளி ஆசிரியர் 5,000க்காக ஐந்து ஆண்டை விடுவது நஷ்டம். கடன் 16,000 மட்டுமே உள்ள கணித ஆசிரியருக்கு ஐந்தாம் ஆண்டிலேயே அசல் முழுக்கத் தீர வாய்ப்பிருக்கிறது, அவர் பத்து ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்ப் பள்ளியில் தன்னார்வமாகச் செய்யும் மணிநேரங்கள் இரண்டிலுமே சேராது.

ஒரு வருஷம் வேலையை விட்டுட்டு முழுநேரமா படிச்சா?

டிஸ்ட்ரிக்ட் பணமும் போகும், பி.எஸ்.எல்.எஃப். மாதங்களும் போகும். வேலையை விடுவதைவிட ஊதியமில்லா விடுப்பு கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். உரிமத்துக்குத் தேவையான வகுப்பறைப் பயிற்சியை உங்கள் சொந்த வகுப்பிலேயே செய்ய விடுவார்களா என்றும் கல்லூரியில் கேளுங்கள், பல இடங்களில் விடுகிறார்கள்.

விட்டே ஆக வேண்டும் என்றால் ஒன்று செய்யலாம். ஃபாஃப்சா பார்ப்பது இரண்டு ஆண்டுக்கு முந்தைய வருமானத்தை என்று மேலே சொன்னேன். இப்போது அந்த வருமானம் இல்லை என்பது அதற்குத் தெரியாது. கல்லூரியின் பண உதவி அலுவலகத்தில் ‘புரொஃபெஷனல் ஜட்ஜ்மெண்ட்’ வேண்டும் என்று கேளுங்கள். விடுப்புக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, இந்த ஆண்டு வரப்போகும் வருமானத்தின் கணக்கு ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்தால், குறைந்த வருமானத்தை வைத்து உங்கள் கணக்கை மறுபடி போடும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. செமஸ்டர் தொடங்குவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். அவர்கள் எடுக்கும் முடிவை எதிர்த்துக் கல்வித்துறையிடம் மேல்முறையீடு செய்ய முடியாது.